வெள்ளைக் காளைக்குப் பஞ்சம்

எங்கள் ஆற்றில் சமாதானம் ஆக வேண்டுமென்றால் ஒரு வெள்ளைக் காளை சாக வேண்டும். கறுப்பு உதவாது, செவலை உதவாது, வாலில் ஒரு புள்ளி இருந்தால்கூட உதவாது. கோடையில் புல்லுக்காக இக்கரையும் அக்கரையும் ஈட்டி எடுப்போம். மண்டை உடையும், சில சமயம் உயிரும் போகும். அப்புறம் ஈட்டிப் பூசாரி ஆற்றின் நடுவில் இருக்கும் மணல்திட்டுக்கு வருவார். குற்றம் எந்தக் கரையுடையதோ அந்தக் கரை காளையைக் கொண்டுவரும். அவர் அதன் முதுகில் தண்ணீர் ஊற்றித் தடவி, எல்லாப் பகையையும் அதன் தலையில் ஏற்றிச் சொல்லி, அறுப்பார். இரண்டு கரையும் ஒரே இறைச்சியைத் தின்னும். அவ்வளவுதான். வெள்ளைக் காளை லேசில் கிடைக்காது. அதைப் பறிகொடுத்தவன் மறுபடி சண்டைக்கு ஆள் சேர்த்தால் முதல் அடியை வீட்டுக்காரியிடமே வாங்குவான். அதனால் ஒரு சமாதானம் ஆனால், அன்று பிறந்த கன்று கிழடாகும்வரை நிற்கும்.

இதெல்லாம் மன்றம் வருவதற்கு முன்பு.

மன்றத்தின் முழுப் பெயர் அனைத்து நாட்டு அமைதி காப்பு மன்றம். சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். வெள்ளை வண்டிகளில் வந்தார்கள். எங்கள் கரையில் நல்ல புல் இருந்த மேடாகப் பார்த்துக் கூடாரம் அடித்தார்கள், சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள், பார்ப்பதற்கென்று ஒரு கோபுரம் நிறுத்தினார்கள். வழியின் இரண்டு பக்கமும் கல் பதித்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் வாட்டசாட்டமான ஆட்கள் வாரம் தவறாமல் வாளியும் பிரஷ்ஷுமாகக் குந்தி உட்கார்ந்து கல்லுக்கு வெள்ளையடிப்பதை எங்கள் பெண்கள் நின்று பார்ப்பார்கள். கல் அழுக்கானால் சண்டை வந்துவிடும் என்று அவர்கள் ஊரில் நம்பிக்கை போலிருக்கிறது.

மன்றத்தின் தலைவர் பெயர் லோமான். கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். முதல் கூட்டத்துக்கு இரண்டு கரையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பட்டணத்தில் படித்த லுவால் என்ற நம்மாள் பக்கத்தில் நின்று அவர் பேச்சை எங்கள் பாஷையில் சொன்னான்.

"ஐயா சொல்றாரு, உலகத்துல ரெண்டு பெரிய சண்டை நடந்துச்சாம். மொதச் சண்டையில செத்தவங்களுக்குக் கணக்கே இல்லியாம். இனிமே சண்டையே கூடாதுன்னு பெரிய நாட்டுக்காரங்கல்லாம் கூடி ஒரு சபை வச்சாங்களாம்."

"அப்ப ரெண்டாவது சண்டை எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

லோமானுக்கு ஒரே சந்தோஷம். ஜனங்கள் கேள்வி கேட்பது நல்லதாம்.

"அந்தச் சபையில சில பேரு உள்ளேயே வரலியாம். சில பேரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். மிச்சம் பேரு அதைப் பத்தி வருத்தப்பட்டுப் பேசிக்கிட்டிருந்தாங்களாம். அதுக்குள்ள சண்டை வந்துருச்சாம். அதனால ரெண்டாவது சண்டை முடிஞ்சதும் புத்தி வந்து, இன்னும் பெரிய கட்டடமா கட்டி, யாரும் எந்திரிச்சுப் போகாத மாதிரி நல்ல மெத்தை நாற்காலியா வாங்கிப் போட்டாங்களாம்."

"அந்தச் சண்டை முடிஞ்சப்ப காளை அறுத்தாங்களா?"

"இல்லியாம். கையெழுத்துத்தானாம்."

"அதான்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். லோமானும் சிரித்தார்.

அக்கரை அத்தியான் எழுந்து நின்றான். நெட்டை ஆள், நாக்கு அதைவிட நீளம். "யாருக்கும் யாருக்கும்டா சண்டை அது?"

"அவங்களுக்குள்ளதான், சித்தப்பா."

"அப்ப கூடாரத்த அங்க போயி அடிக்கச் சொல்லு. எங்க புல்லு மேல ஏன் அடிச்சிருக்காங்க?"

லுவால் கொஞ்சம் யோசித்து எதையோ சொன்னான். லோமான் நெஞ்சில் கை வைத்து அத்தியானுக்கு நன்றி சொன்னார்.

அந்த வருஷம் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டையும், அதற்கு ஒரு சமாதானமும் நடந்தன. லோமான் வந்து பார்த்தார், படம் எடுத்தார், மேலிடத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து பிடித்தது சனி. மேலிடத்தில் அந்தப் படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். மற்ற ஊர்களில் இருந்து வெறும் பேச்சுத்தான் வருகிறதாம்; இங்கே மட்டும்தான் சமாதானம் கண்ணுக்குத் தெரிகிறதாம், ரத்தத்தோடு. இன்னொன்று அனுப்பு என்றார்கள்.

"சண்டையே இல்லையே, எதுக்குச் சமாதானம்?" என்று கேட்டோம்.

"சண்டை வர்றதுக்கு முன்னாடியே சமாதானம் பண்ணிட்டா இன்னும் நல்லதுதானேன்னு ஐயா கேக்குறாரு" என்றான் லுவால்.

மழைக்கு முன்னால் ஒரு சமாதானம். மழைக்குப் பின்னால் ஒன்று. பெண்கள் சமாதானம் ஒன்று. பெண்களுக்குள் சண்டை தண்ணீர்க் குடத்தோடு முடிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. போன சமாதானத்துக்கு வருஷம் முடிந்தது என்று அதற்கொரு சமாதானம். லோமானின் உதவியாளர் ஊருக்குப் போகிறார் என்று ஒன்று, புதியவர் வந்தார் என்று ஒன்று. தூண்டில் முள்ளுக்காக இரண்டு குடிகாரர்கள் கட்டிப் புரண்டதை ஆயுத மோதல் என்று மேலிடத்துக்குச் சொல்லி அதற்கும் ஒன்று. குற்றம் யாருடையது என்று பார்ப்பதை மன்றம் நிறுத்திவிட்டது. முறை வைத்தார்கள். இந்தத் தடவை இக்கரைக் காளை என்றால் அடுத்தது அக்கரைக் காளை.

"அப்ப காளைய நீங்க வாங்கித் தாங்க" என்று ஒரு நாள் நானே லோமானிடம் கேட்டேன். பந்தல் கொடுத்தார்கள், பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், மார்பில் புறா போட்ட சட்டை கொடுத்தார்கள். காளை மட்டும் ஏன் கூடாது?

அவர் ரொம்ப நேரம் உருக்கமாகப் பேசினார். லுவால் சுருக்கினான்: "சமாதானம் உங்க சொத்தாம். அவங்க காளை குடுத்தா அது அவங்க சமாதானமா ஆயிடுமாம். உங்ககிட்டேருந்து அதப் பறிக்க மனசு வரலியாம்."

"காளையப் பறிக்க வருதா?"

"பெரியப்பா, அத நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேலை இருக்கணும்."

மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. பஞ்ச மாதத்தில் சோள மூட்டை மன்றத்தின் வண்டியில்தான் வரும். சமாதானத்துக்கு ஒத்துழைக்காத கரைக்கு மூட்டை இறங்காது. பட்டினி கிடக்கிறவன் சமாதானத்தை விரும்பவில்லை என்று அர்த்தமாம்.

இப்படியே போய் இரண்டு கரையிலும் வெள்ளைக் காளை தீர்ந்துவிட்டது. பெரிதாக மிஞ்சியது என்னுடையது ஒன்றுதான்.

அதை நான் வைத்திருந்தது என் மகன் குவோத்துக்காக. அவனுக்கு அத்தியானின் மகள் அயென் மேல் ஆசை. அவளுக்கும்தான், ஆற்றில் மீன் பிடிக்கிற சாக்கில் இரண்டு பேரும் மீன் இல்லாத இடமாகப் பார்த்து நிற்பார்கள். எங்களில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்கு மாடு ஓட்டிக் கொடுக்கும். பேசப் போனபோது அத்தியான் சொன்னான்: "பொண்ணக் குடுக்கிறேன். மத்த மாடு எந்த நிறத்துல வந்தாலும் சரி. முன்னாடி நடந்து வர்றது வெள்ளைக் காளையா இருக்கணும். எங்க வீட்டுப் பொண்ணு எவளும் அது இல்லாமப் போனதில்ல. அது இல்லேன்னா பட்டணத்துலேருந்து ஒரு லாரிக்காரன் கேட்டுக்கிட்டிருக்கான்."

அதனால் நான் தினமும் காலையில் செம்மண்ணையும் சாணியையும் குழைத்து என் காளைக்கு உடம்பு முழுக்கப் பூசினேன். அது என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. ஊர் அழகனுக்குக் கந்தல் கட்டிவிட்ட மாதிரி.

லோமான் ஒரு நாள் மாடு பார்க்க வந்தார். "இது செவலை" என்றேன்.

"கண் இமை மட்டும் வெள்ளையா இருக்கேன்னு கேக்குறாரு."

"வயசாயிடுச்சுன்னு சொல்லு. எனக்கும் அப்படித்தான் இருக்கு."

லுவால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். காளை பிழைத்தது.

அடுத்த சமாதானம் அக்கரை முறை. அவர்களிடம் வெள்ளை இல்லை. மூட்டை நின்றுவிடும் என்ற பயத்தில் அவர்களுடைய இளவட்டங்கள் பட்டப்பகலில் ஆற்றைத் தாண்டி வந்து என் அண்ணன் தொழுவத்தில் இருந்த ஒரு வெள்ளைக் கன்றை ஓட்டினார்கள். கன்றுதான், ஆனால் வெள்ளை. அண்ணன் மகன் வோல் குறுக்கே நின்றான். சமாதானத்துக்குக் காளை பிடிக்க வந்தவன் எவனோ விட்ட ஈட்டி அவன் விலாவில் இறங்கியது. கோபுரத்துக்கு எதிரிலேயே விழுந்தான். கோபுரத்தில் ஆள் இருந்தான், கையில் தூரக் கண்ணாடியும் இருந்தது.

வோலைப் புதைத்துவிட்டு நேரே மன்றத்தின் வாசலுக்குப் போனேன். லோமான் வேலிக்கு உள்ளே நின்றார், நான் வெளியே நின்றேன்.

"உங்க ஆளு பாத்தானா இல்லியா?"

"பாத்தானாம்."

"பாத்துட்டு என்ன பண்ணினான்?"

"உள்ள வந்துட்டானாம். அவன் வேலை சமாதானத்தப் பாக்குறதாம். சண்டை ஆரம்பிச்சதும் பாக்குறதுக்குச் சமாதானம் இல்லியே, அதனால எறங்கி வந்துட்டானாம்."

"வெளிய வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

லோமான் கையை விரித்தார். அவர் குரல் தழுதழுத்தது, நான் பொய் சொல்லவில்லை. லுவால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேலிக்கு வெளிய ஒரு ஆள அனுப்பணும்னா மேல அஞ்சு பெரிய வீட்டுக்காரங்க சம்மதிக்கணுமாம். நாலு பேரு சரின்னாங்களாம். ஈட்டி விக்கிறது அஞ்சாவது ஆளாம். ஆனா உங்க துக்கத்துல எல்லாரும் பங்கு எடுத்துக்குறாங்களாம். ஒரு நிமிஷம் எந்திரிச்சு நின்னாங்களாம்."

"அத்தனை நாற்காலியையும் விட்டுட்டா?"

அதை அவன் சொல்லவில்லை.

இப்போது நிஜமாகவே சமாதானம் தேவைப்பட்டது. எங்கள் இளவட்டங்கள் ஈட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள், குவோத்தும் தீட்டினான். மேலிடத்துப் பெரியவரே ஹெலிகாப்டரில் வந்து பார்க்கப் போகிறார் என்று மன்றம் அறிவித்தது. குற்றம் அக்கரையுடையது, காளை அவர்கள் கொண்டுவர வேண்டும். அவர்களிடம் இல்லை. லோமானுக்கு வேர்த்தது. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

லுவால்தான் வந்து என்னிடம் சொன்னான். அக்கரையிலிருந்து ஒரு செவலைக் காளையை வாங்கி, கூடாரத்துக்குப் பின்னால் கட்டி, கல்லுக்கு அடிக்கிற ஆட்களை வைத்தே அதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். ரெண்டு கோட்டு.

"அடப்பாவி, நீ சொல்லலியா?"

"சொன்னேன் பெரியப்பா. நிறம்கிறது பாக்குறவன் மனசுல இருக்குன்னு சொல்லிட்டாரு."

ஆக, எங்கள் கரையில் அன்று ஒரு வெள்ளைக் காளை செவலையாக நின்றது, ஒரு செவலைக் காளை வெள்ளையாக நின்றது. நானும் ஒரு வகையில் லோமான் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். நான் சம்பளம் வாங்கவில்லை.

மணல்திட்டில் இரண்டு கரையும் கூடியது. ஆற்றில் தண்ணீர் முழங்காலளவுதான், மன்றத்தின் வண்டிகளும் திட்டுக்கே வந்து நின்றன. பெரியவர் வரவில்லை. வெயில் ஏறியது. ஈட்டிப் பூசாரி மலேக்குக்குக் காத்திருந்து பழக்கமில்லை, ஆரம்பித்துவிட்டார். காளை பளீரென்று இருந்தது. அவ்வளவு வெள்ளையாக எங்கள் கரையில் எதுவும் பிறந்ததில்லை. மலேக் சுரைக்குடுக்கைத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றி, வழக்கம்போல் உள்ளங்கையால் தடவினார். வெள்ளை வழிந்து வயிற்றுப்பக்கம் ஓடியது. முதுகில் செவலை தெரிந்தது.

மலேக் உள்ளங்கையை இரண்டு கரைக்கும் காட்டினார்.

"எங்க வோலுக்குச் சுண்ணாம்பு கொண்டாந்திருக்கானுங்க" என்று எங்கள் பக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"நாங்க அடிக்கல, அவங்க அடிச்சது" என்றான் அத்தியான். யார் காதிலும் விழவில்லை. ஈட்டிகள் எழுந்துவிட்டன. அக்கரை வரிசையில் முன்னால் நின்றவன் அத்தியானின் மகன், அயெனின் கூடப்பிறந்தவன். அவனுக்கு நேர் எதிரே என் குவோத் நின்றான்.

மன்றத்தின் ஆட்கள் ஒழுங்காக வண்டிகளில் ஏறினார்கள். லோமான் ஒலிபெருக்கியில், நிலைமை முழுக்க முழுக்க அமைதியாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். சொல்லிக்கொண்டே போய்விட்டார். ஒரு வண்டி மட்டும் மணலில் சக்கரம் புதைந்து நின்றது. அதிலிருந்தவர்கள் இறங்கி மற்ற வண்டிகளின் பின்னால் ஓடினார்கள்.

என் காளை கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. போய் அவிழ்த்தேன். ஆற்றுக்குள் நடத்தி, எல்லோர் கண்ணுக்கும் எதிரே இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றித் தேய்த்தேன். செம்மண் கரைந்து போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அது தன் நிறத்தில் நின்றது. திட்டில் சத்தம் அடங்கியது.

குவோத் ஈட்டியைத் தாழ்த்தினான். "அப்பா, அது எனக்குன்னு..."

"வாய மூடுடா. மச்சினனக் குத்திட்டு அந்த வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பொண்ணு கேப்ப?"

மலேக் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "தீக், குத்தம் அவங்களோடது. காளை உன்னோடது. அப்படி வழக்கம் இல்லியே."

"செத்தது என் அண்ணன் மவன். நான் குடுக்கிறேன். ஊத்துங்க தண்ணிய."

ஊற்றினார். தடவினார். உள்ளங்கையைக் காட்டினார், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வோலின் பெயரைச் சொல்லி, எல்லாவற்றையும் காளையின் தலையில் ஏற்றினார். அது முடிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் அண்ணனும் அத்தியானின் மகனும் ஒரே ஈரலைப் பாதி பாதியாகத் தின்றார்கள்.

எலும்பு நக்கிக்கொண்டிருந்தபோது ஹெலிகாப்டர் வந்தது. பெரியவர் இறங்கினார், பின்னாலேயே சட்டை மாற்றிக்கொண்டு லோமானும் வந்தார். பெரியவர் ரத்தத்தைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், லோமானின் காதில் ஏதோ சொன்னார்.

லுவால் தொண்டையைக் கனைத்தான். "ரொம்ப நல்லா இருந்திருக்கும்னு தெரியுதாம். சிரமத்துக்கு மன்னிக்கணுமாம். இன்னொரு தடவ செய்ய முடியுமான்னு கேக்குறாரு. படம் எடுக்கணுமாம்."

"மாடு ஒரு தடவதான் சாகும்னு சொல்லு" என்றார் மலேக்.

பெரியவர் வருத்தப்பட்டுத் தலையாட்டினார். பிறகு நின்ற இடத்திலேயே பேசினார். இரண்டு பெரும் போர்களில் இருந்து மனித குலம் கற்ற பாடம் ஒன்றே ஒன்று என்றார். சமாதானத்தை உரிய நேரத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும் என்றார். யாரும் பார்க்காத சமாதானம் நடந்ததாகவே கணக்கில்லை, ஆகவே அடுத்த மாதம் முறைப்படி திரும்ப நடக்க வேண்டும், வெள்ளைக் காளையோடு. இல்லையென்றால் மூட்டை விஷயம் அவர் கையில் இல்லை. மேகம் கறுத்தது. லோமானையும் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். புதைந்த வண்டியை நாளைக்கு வந்து இழுப்பார்களாம்.

ஹெலிகாப்டர் சத்தம் தேய்ந்தது.

"அடுத்த மாசத்துக்கு வெள்ளைக்கு எங்க போறது?" என்று என் அண்ணன் கேட்டான்.

மலேக் எழுந்தார். புதைந்து நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குடுக்கையில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் கூரையில் ஊற்றினார், உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். கையைப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார்.

"இது நெச வெள்ளை" என்றார்.

முதல் ஈட்டி இடது சக்கரத்தில் இறங்கியது. யாருடையது என்று கேட்காதீர்கள்; இரண்டு கரையுமாகத்தான் எறிந்தோம். பிறகு முறைப்படி பங்கு வைத்தோம். வலது முன்னங்கால் தாய்மாமன்மாருக்கு, அதனால் வலது முன்சக்கரம் அவர்களுக்குப் போயிற்று. விலா பெண்களுடையது, கதவுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடல் கிழவர்களுக்கு என்பதால் எனக்கு ஒரு சுருள் கம்பி கிடைத்தது. தலைப்பங்காக மலேக் இரண்டு விளக்கையும் எடுத்துக்கொண்டார். விருந்தாளி பங்கு என்று எப்போதும் ஒன்று ஒதுக்குவோம். முன்சீட்டை ஒதுக்கி அத்தியான் வீட்டில் வைத்தோம்.

கலையும்போது அத்தியான் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்த லாரிக்காரன வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றான்.

"வெள்ளைக் காளை இல்லியே."

"என் மவன் நெஞ்சுக்கும் உன் மவன் ஈட்டிக்கும் நடுவுல வந்து நின்னது என்னவாம்? முன்னாடி நடந்து வந்துருச்சு, நான் வாங்கிக்கிட்டேன். மத்த மாட்ட ஓட்டிக்கிட்டு வா. நொண்டி மாடு எதையும் உள்ள தள்ளி விடாத, எண்ணிப் பாப்பேன்."

கல்யாணத்தன்று மன்றத்திலிருந்து விசாரணைக்கு ஒரு புது அதிகாரி வந்தார். லோமானுக்குப் பதவி உயர்வு கிடைத்து, நாற்காலி இருக்கிற கட்டடத்துக்கே போய்விட்டாராம். இவர் எங்கள் கரையில் எல்லோரையும் கேட்டார். வண்டி தானாகவே ஆற்றோடு போனது என்றோம். அக்கரையிலும் போய்க் கேட்டார். தானாகவே ஆற்றோடு போனது என்றார்கள். புல் விஷயத்திலோ மீன் விஷயத்திலோ இரண்டு கரையும் ஒரே மாதிரி சாட்சி சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒருவன் வாய் திறந்தால் எல்லோரும் மாட்டுவோம். அதற்கப்புறம் எவனும் ஈட்டி எடுக்கவில்லை. எடுத்தால் எதிரி போய்ச் சொல்லிவிடுவானே.

அதிகாரி களைத்துப்போய் அத்தியான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் பாட்டு, தூசி, மாடு. என் மருமகள் இடுப்பு மணி குலுங்க ஆடிக்கொண்டிருந்தாள். அத்தியான் அவரைக் கைபிடித்து அழைத்துப்போய், மாட்டுத்தோல் போர்த்திய ஒரு ஆசனத்தில் உட்கார வைத்து, கையில் பால் குடுக்கையைக் கொடுத்தான்.

"பெரிய வண்டி. வெள்ளை நிறம். உங்க கண்ணுல எங்கயாவது பட்டுச்சான்னு ஐயா கேக்குறாரு" என்றான் லுவால், ஆசனத்தைப் பார்க்காமல்.

"இங்க மாடுதான் காணாமப் போகும். வண்டி போயி யாரும் கேள்விப்பட்டதில்ல" என்றான் அத்தியான்.

அதிகாரி தலையாட்டினார். ஒரு வாய் பால் குடித்தார். பின்னால் சாய்ந்தார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதுகுக்கு இவ்வளவு சுகமான இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டார்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்கடா" என்றான் அத்தியான். "விருந்தாளி பங்கு போயிச் சேந்துருச்சு."